குழிக்குள் 230 வோல்ட் வேண்டாம்: எங்கள் ஊர் வடிகால் குத்தகையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குத்தகையாளர்களுக்கும் மண்டோர்களுக்கும் (மேஸ்திரிகளுக்கும்) வணக்கம்.

நான் இங்கே மலேசியாவில் செம்பனை ஆலையில் 28 ஆண்டுகள் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்து, அந்த மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவன். உங்களில் பலரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சிலருடைய அப்பாவும் நானும் ஒரே லயத்தில் வளர்ந்தோம், ஒரே தோட்டப் பள்ளியில் படித்தோம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அப்புறம் செம்பனையையும் அழித்து வீட்டுமனை போட்டார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்து, கையில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டன. ஒரு லோரி, நாலு ஆள், இரண்டு பம்பு என்று ஆரம்பித்து லோங்காங் (சாக்கடை, வடிகால்) வேலையில் கால் ஊன்றியவர்கள் நீங்கள். அது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலைகளைக் குத்தகைக்கு விடும் ஊராட்சி மன்றத்துக்கு மலாயில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன். ஆனால் குழியோரம் நிற்பது மன்றம் இல்லை, நீங்கள். எந்த வயரை எடுப்பது, எங்கே பிளக்கைச் சொருகுவது என்று முடிவு செய்வதும் நீங்கள்தான். அதனால் தமிழில் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஆள் இறங்கும் குழிக்குள் 230 வோல்ட்டை இறக்காதீர்கள்.

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாதத்து மழை உங்களுக்குத் தெரியும். மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், சாயங்காலம் கொட்டித் தீர்க்கும். ரோட்டுக்கு அடியில் போகும் கால்வாய் அடைத்துக்கொண்டு கடைத்தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது. என் அக்கா மகன் அந்த வேலைக்குப் போயிருந்தான். வயது 26. மூடியைத் திறந்து தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஒரு சப்மெர்சிபிள் பம்பை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். கரண்ட் பக்கத்துக் கடையிலிருந்து. அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) இருந்த பிளக் பாயிண்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர், அது எட்டாததால் இன்னொரு வயர். இரண்டையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையையும் கட்டியிருக்கிறார்கள்.

பம்பில் குப்பை சுற்றிக்கொண்டது. அதை எடுத்துவிட இவன் இறங்கினான். பம்பை யாரும் நிறுத்தவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இடது கையால் இரும்பு ஏணிப்படியைப் பிடித்து, வலது கையால் பம்பின் கைப்பிடியைத் தூக்கினான். அவ்வளவுதான். கை ஒட்டிக்கொண்டது. கத்த முடியவில்லை. மேலே நின்ற வங்காளதேசத்துத் தம்பி அவன் கழுத்து விறைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவனைத் தொடாமல் கடைப்பக்கம் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினான். 30 மீட்டர் தூரம். அந்த 30 மீட்டரை ஓடி முடிக்கும் வரை என் அக்கா மகன் அப்படியே நின்றான்.

உயிர் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை.

யாருடைய வேலை என்று எழுதப்போவதில்லை. அதைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் வேறு. ஆனால் மறுநாள் எனக்குச் சொன்ன பதிலை மட்டும் எழுத வேண்டும்: "ஈரக் கையோடு தொட்டுவிட்டான்." ஐயா, லோங்காங்கில் இறங்குகிறவனுக்குக் காய்ந்த கை எங்கிருந்து வரும்? ஈரம்தான் அவன் வேலை. வேலையிடம் நனைந்திருக்கும் என்று முதல் நாளே தெரிந்த வேலைக்கு, நனையாமல் தொட வேண்டிய சாமானை ஏன் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

அந்தப் பம்பை வாங்கி நானே பிரித்துப் பார்த்தேன். வயர் பம்புக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் சீல் கிழிந்திருந்தது. பம்பை அதன் வயரைப் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்கினால் அப்படித்தான் ஆகும். கைப்பிடியில் கயிறு கட்டி இறக்க வேண்டிய சாமான் அது. சீல் கிழிந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய், இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் வந்துவிட்டது. சரி, எர்த் வயர் இருந்திருந்தால் அது கரண்டை இழுத்துக்கொண்டு போயிருக்கும். பிளக்கைத் திறந்தேன். பச்சை மஞ்சள் வயர் உள்ளே வெட்டிவிடப்பட்டிருந்தது. வெட்டியவன் கெட்டவன் இல்லை. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று வெட்டியிருப்பான். டிரிப் ஆனது பம்பு கெட்டுவிட்டது என்ற தகவல். அந்தத் தகவலைச் சொன்ன வாயை அடைத்திருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக்க நனைந்த மனித உடம்பின் தடையைக் கணக்குக்குச் சுமார் 1,000 ஓம் என்று வைப்பார்கள். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லியாம்பியர். 10 மில்லியாம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது. 30-ஐ நெருங்கினால் மூச்சுவிடும் தசை பிடித்துக்கொள்ளும். 50-ஐத் தாண்டி நீடித்தால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டுத் தாறுமாறாக நடுங்க ஆரம்பிக்கும். நம் பிளக்கில் இருக்கிற ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது 13,000 மில்லியாம்பியர். ஃபியூஸ் இருக்கிறது என்று தைரியமாக இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஃபியூஸ் வயர் எரியாமல் காக்க வைத்தது. ஆளைக் காக்க வைத்தது இல்லை.

ஆளைக் காக்க இருப்பது ஆர்.சி.டி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்க்கும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று சுவிட்சை விழச் செய்யும். ஆனால் எல்லா ஆர்.சி.டி.யும் ஒன்றல்ல. பழைய கடைகளின் மெயின் பெட்டியில் பல இடங்களில் இருப்பது 100 மில்லியாம்பியர். மேலே சொன்ன கணக்கோடு வைத்துப் பாருங்கள். 1994-ஆம் வருடத்து மின்சார விதிமுறைகள், தரை நனைந்திருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியருக்கு மேல் போகக் கூடாது என்றும், கையில் பிடித்து வேலை செய்யும் சாமானுக்கு 30 என்றும் சொல்கின்றன. வீட்டில் குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. போடுகிறோமே, அந்தக் காரணம்தான். வெந்நீரில் குளிக்கிறவனுக்குக் கொடுக்கிற காவலைச் சாக்கடைத் தண்ணீரில் நிற்கிறவனுக்குக் கொடுக்காமல் இருப்பது எந்த நியாயம்?

பலர் தப்பாகப் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. 10 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. போட்டால் உடம்பில் 10 மட்டும்தான் பாயும் என்று நினைக்கிறார்கள். இல்லை. 230-உம் பாயும், ஆனால் கண்சிமிட்டும் நேரத்துக்கு. அது அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைக் குறைக்கிறது. லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒரே ஆள் இரண்டு கையால் தொட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. உள்ளே துருப்பிடித்து மாட்டிக்கொண்டால் விழவும் விழாது. அதனால்தான் டெஸ்ட் பட்டன் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் அதை அழுத்தாதவர் கையில் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. ஆர்.சி.டி. கட்டாயம் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பி ஆளை இறக்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் ஆலையில் கற்றதைச் சொல்கிறேன். பாய்லர் டிரம்முக்குள்ளோ ஸ்டெரிலைசருக்குள்ளோ ஆள் நுழைந்து சுத்தம் செய்வது வழக்கமான வேலை. சுற்றிலும் இரும்பு, ஈரம், திரும்ப இடம் இல்லை. உள்ளே போகிற விளக்கு 24 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வாசலுக்கு வெளியே தரையில் இருக்கும். 230 வோல்ட் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவசரத்துக்கு ஒரு சாதாரண 240 வோல்ட் விளக்கை உள்ளே நீட்டினேன் (அப்போது 240 என்றுதான் சொல்வோம்). என் சார்ஜ்மேன் அதை என் கையிலிருந்து பிடுங்கி, பிளக்கை வெட்டி, வயரைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. 28 வருடத்தில் நான் அதை மறுபடி செய்யவில்லை.

பாய்லருக்குள் நுழைகிறவனுக்குக் கிடைக்கிற 24 வோல்ட், ரோட்டோரக் குழியில் இறங்குகிறவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? இரண்டு பேரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள்தான்.

டிரான்ஸ்பார்மர் என்றால் கண்டதும் ஆகாது. உள்ளே வருகிற சுருளும் வெளியே போகிற சுருளும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாத வகையாக இருக்க வேண்டும். வெளியே போகிற பக்கத்தை எர்த் செய்யக் கூடாது. அப்போதுதான் ஒரு வயர் தண்ணீரில் பட்டாலும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. 24 வோல்ட்கூட முழுசாக நனைந்த உடம்பில் 24 மில்லியாம்பியர் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள். சரிதான். ஆகவே தண்ணீரில் நின்றுகொண்டு கையில் பிடிக்கிற விளக்கு 12 வோல்ட்டாக இருப்பது நல்லது. இங்கிலாந்துக் கட்டுமான இடங்களில் மஞ்சள் பெட்டியில் வரும் 110 வோல்ட்டைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் தரைக்கும் வயருக்கும் நடுவே 55 வோல்ட். வெளியில் காய்ந்த இடத்துக்கு நல்லது, சாக்கடைக்கு அதுவும் அதிகம். விளக்கைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட எளிது, தலையில் மாட்டும் பேட்டரி விளக்கு. வயரே இல்லை. ஆனால் எந்தப் பேட்டரி விளக்கு என்று பிறகு சொல்கிறேன், அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

பம்புதான் உங்களுக்குப் பெரிய தலைவலி. நம் ஊர் தட்டையான ஊர், ஆறு ஏறினால் லோங்காங்கும் ஏறும், பம்பு இல்லாமல் வேலை நடக்காது. ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய முதல் யோசனை, இயந்திரத்தை மேலேயே வைத்து உறிஞ்சு குழாயை மட்டும் இறக்குங்கள். டீசல் பம்பு ஏழு மீட்டர் ஆழம் வரை உறிஞ்சும், நம் ஊர்க் குழிகளில் பலவற்றுக்கு அது போதும். கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் காற்றில் ஓடும் டயஃப்ரம் பம்பைப் பார்க்கலாம். உள்ளே போவது காற்றுக் குழாய் மட்டும்.

சப்மெர்சிபிள்தான் இருக்கிறது, வேறு வழி இல்லை என்றால் ஒரு கட்டுப்பாடு. பம்பு ஓடும்போது ஆள் மேலே. ஆள் இறங்கும்போது பம்பு நின்றிருக்க வேண்டும், பிளக் கழற்றப்பட்டு இறங்குகிறவன் சட்டைப் பையிலோ காவல் நிற்பவன் கையிலோ இருக்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கடையில் யாராவது வெளிச்சத்துக்கு என்று தட்டிவிடுவார்கள். பம்பு வாங்கும்போது கூட வரும் தாளில் பார்த்தால், தண்ணீரில் ஆள் இருக்கும்போது இயக்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். கழிவுநீர்ப் பம்பு நிலையங்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மிதவை சுவிட்ச் இருக்கும். நீர் ஏறினால் யாரும் தொடாமலே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். மோட்டாருக்குப் போகும் கரண்டை முழுசாகத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை இறங்குகிறவனிடமே கொடுங்கள்.

1894-இல் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் வைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்கு அதுதான் முதல் பதிவு. பத்துமலைக் கோயிலை எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். சுரங்கத் தண்ணீரை அங்கே மின்பம்பு இறைத்தது. குழியிலிருந்து தண்ணீர் இறைப்பது இந்த நாட்டு மின்சாரத்தின் மூத்த வேலைகளில் ஒன்று. 130 வருடம் ஆன பிறகும் அதை டேப் சுற்றிய வயரில் செய்துகொண்டிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி வாயு. ஷாக் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துப் பேட்டரி விளக்கோடு நிம்மதியாக இறங்கிவிடாதீர்கள்.

ஆலைக் கழிவுக் குளத்தில் குமிழி விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பெரும்பாலும் மீத்தேன். சாக்கடைச் சேற்றிலும் அதுவே ஊறுகிறது. காற்றில் 5 முதல் 15 சதவிகிதம் மீத்தேன் கலந்தால், ஒரு சின்னப் பொறி போதும், வெடிக்கும். அழுகிய முட்டை வாடை அடிப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது காற்றைவிடக் கனம், குழியின் அடியில் தங்கும். சேற்றை மிதித்தால் மேலே கிளம்பும். அதில் கொடுமை என்னவென்றால், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனதும் மூக்கு மரத்துவிடும். "வாடை போய்விட்டது, இறங்கலாம்" என்று ஒருவன் சொல்கிற நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரமாக இருக்கலாம். இதுபோக, பட்டறைகளிலிருந்து ஒழுகி வரும் பெட்ரோலும் அதே கால்வாயில்தான் சேர்கிறது.

தோட்டத்தில் கிணறு தூர் வாரும்போது பெரியவர்கள் லாந்தர் விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவார்கள். அணைந்தால் ஆள் இறங்க மாட்டான். காற்று இல்லாததைக் கண்டுபிடிக்க அன்றைக்கு இருந்த வழி அது, அறிவான வழி. அதையே சாக்கடையில் செய்தால் அந்த விளக்கே குழியைக் கொளுத்திவிடும். இன்றைக்கு அந்த லாந்தருக்குப் பதில் நான்கு வாயுக் கருவி இருக்கிறது. ஆக்சிஜன், வெடிக்கும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் காட்டும். மூடியைத் திறந்ததும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும் பார்த்துவிட்டு, வேலை முடியும் வரை இறங்கியவன் நெஞ்சிலேயே மாட்டியிருக்க வேண்டும்.

பொறி எங்கிருந்து வரும்? நாம் தினமும் தொடுகிற சாமான்களிலிருந்துதான். சுவிட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு பொறி. டிரில் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் ஓயாமல் பொறி. நம் பையன்கள் ஹேண்ட்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், சில நேரம் வாயில் கவ்விக்கொண்டே இறங்குகிறார்கள். இதை நான் என் கண்ணால் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஹேண்ட்போன் வாயு இருக்கும் இடத்துக்குச் செய்த சாமான் இல்லை. சாதாரண டார்ச்சும் இல்லை.

கடையில் "வாட்டர்புரூஃப்" என்பார்கள், ஐபி68 என்று எழுதியிருக்கும். அது தண்ணீர் உள்ளே போகாது என்பதற்கு மட்டும்தான். வாயுவைக் கொளுத்தாது என்பதற்கு வேறு குறி உண்டு: அறுகோணத்துக்குள்ளோ எண்களோடு சேர்ந்தோ "ஈஎக்ஸ்" (Ex) என்று பொறித்திருப்பார்கள். அதில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, தடித்த உலோகக் கூட்டுக்குள் வைத்தது. உள்ளே வாயு நுழைந்து வெடித்தாலும் தீ வெளியே வராதபடி கூடு தாங்கும். அந்தக் கூட்டில் ஒரு போல்ட் குறைந்தாலும் காவல் போச்சு. மற்றொன்று, வாயுவைக் கொளுத்தப் போதாத அளவுக்கு மின்சக்தியையே கட்டுப்படுத்தியது. தலைவிளக்கும் வாயுக் கருவியும் இந்த இரண்டாவது வகையில் கிடைக்கின்றன. முன்பு எந்தப் பேட்டரி விளக்கு என்று சொல்கிறேன் என்றேனே, இதுதான். இது ஒன்றை வாங்கினால் விளக்கால் வருகிற ஷாக்கும் போகிறது, பொறியும் போகிறது. ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பேட்டரியை மட்டும் குழிக்குள் மாற்றாதீர்கள்.

காற்று ஊதும் புளோவர் மேலே, காற்று வரும் திசையில் இருக்கட்டும். நல்ல காற்றை உள்ளே ஊதுங்கள். சாதாரண புளோவரால் உள்ளே இருக்கும் வாயுவை உறிஞ்சி வெளியே எடுத்தால், அத்தனை வாயுவும் அந்த மோட்டார் வழியாகத்தான் போகும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாடையே கிடையாது. டீசல் பம்புக்கும் இது பொருந்தும். குழி வாயிலிருந்து தள்ளி, காற்று புகையைக் குழிப்பக்கம் கொண்டுவராமல் அப்பால் கொண்டுபோகும் இடத்தில் வையுங்கள். இன்னொன்று, "ஜெனரேட்டர் கரண்ட் ஷாக் அடிக்காது" என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் உள்சுருளை எர்த்தோடு இணைத்திருக்க மாட்டார்கள். அதனால் முதல் கோளாறு ஏற்படும்போது ஒன்றும் நடக்காது. ஆர்.சி.டி.யும் விழாது. அந்தக் கோளாறு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது சாமானில் இன்னொரு கோளாறு வரும் அன்றைக்கு அடிக்கும். ஜெனரேட்டரோடு ஆர்.சி.டி. வேலை செய்ய வேண்டுமானால் நியூட்ரலை முறையாக இணைக்க வேண்டும். அதை லைசென்ஸ் உள்ள வயர்மேனை விட்டுச் செய்யுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல மாட்டேன். 1994-ஆம் வருடத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். முதலாளியின் கடமையை மீறினால் அபராதம் 50,000 ரிங்கிட் வரை என்று இருந்தது இப்போது 500,000 வரை. வேலையைப் பிரித்துக் கொடுத்தவருக்கும், கீழ்க்குத்தகையில் வேலை செய்கிறவர்கள் மேல் கடமை உண்டு. "அவன் சப் ஆள், எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைத்து, முதலாளியும் அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்பதும் அதில் இருக்கிறது. இதை உங்கள் ஆட்களிடம் நீங்களே சொல்லுங்கள். வங்காளதேசத்துத் தம்பிக்கும் நேபாளித் தம்பிக்கும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) உண்டு, பதிந்துவிடுங்கள். அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கு 2010-ஆம் வருடத்து நடைமுறைக் கையேடு இருக்கிறது. நுழைவு அனுமதித் தாள், வாயு பார்க்கப் பயிற்சி பெற்றவர், மேலே காவல் நிற்பவர் எல்லாம் அதில் உண்டு. நியோஷில் (தேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகத்தில்) அதற்குப் பயிற்சி நடக்கிறது.

காவல் நிற்பவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு மனசு பெரிது. ஒருவன் விழுந்தால் இன்னொருவன் யோசிக்காமல் குதிப்பான். அப்படிக் குதித்துத்தான் ஒரு சாவு இரண்டாகிறது. என் அக்கா மகனைக் காப்பாற்றியவன் குதிக்கவில்லை, ஓடினான். ஆனால் அவன் 30 மீட்டர் ஓட வேண்டியிருந்தது ஏன்? பிளக்கும் ஆர்.சி.டி.யும் குழி வாயில், காவல் நிற்பவன் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் படாத பெட்டியில் இருந்திருக்க வேண்டும். இறங்குகிறவன் உடம்பில் கயிறு மாட்டும் பட்டை (ஹார்னஸ்), மேலே முக்காலி, கயிற்றைச் சுற்றித் தூக்க வின்ச். இவை இருந்தால் மேலே நிற்பவன் குதிக்க வேண்டிய அவசியமே வராது.

பணம். அதைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்: "அண்ணே, நான் இதையெல்லாம் சேர்த்து விலை போட்டால் பக்கத்தில் இருப்பவன் குறைத்துப் போட்டு வேலையை எடுத்துக்கொள்வான்." உண்மை. பாதுகாப்பை விட்டவனுக்கு வேலை கிடைக்கிறது, சேர்த்தவன் வீட்டில் உட்காருகிறான். அதனால்தான் மன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றைக் கேட்டிருக்கிறேன். குறைந்த வோல்ட் விளக்கு, 10 மில்லியாம்பியர் ஆர்.சி.டி., ஈஎக்ஸ் தலைவிளக்கு, வாயுக் கருவி, ஹார்னஸ், இவற்றை டெண்டரில் தனி வரியாகப் போட்டு, எல்லோருக்கும் ஒரே தொகையாக வைத்துவிடுங்கள், அதில் போட்டி வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். பதில் வர நாளாகலாம்.

அதுவரை உங்களால் முடிகிற ஒன்று இருக்கிறது. ஊரில் இந்த வேலை செய்கிறவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய எண்ணிக்கைதான். கோயில் திருவிழாவுக்கு உபயம் பிரிக்க ஒரே ராத்திரியில் கூடுகிறீர்கள். அதேபோல ஒரு ராத்திரி கூடுங்கள். வாயுக் கருவி, முக்காலி, டிரான்ஸ்பார்மர் மூன்றையும் சேர்ந்து வாங்கி ஒருவர் ஸ்டோரில் வைத்துக்கொள்ளலாம், ஒரே நாளில் எல்லோரும் குழிக்குள் இறங்குவதில்லையே. 230 வோல்ட் சாமானை ஆள் இருக்கும் குழிக்குள் இறக்குவதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால், அதைச் செய்து விலையைக் குறைக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வரும் மாதம் முதல் சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து கோயில் மண்டபத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருப்பேன். உங்கள் பம்பு, எக்ஸ்டென்ஷன் வயர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் லோரியில் போட்டுக் கொண்டு வாருங்கள். என்னிடம் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) இருக்கிறது, ஒவ்வொன்றின் இன்சுலேஷனையும் எர்த்தையும் சோதித்துச் சீட்டு ஒட்டித் தருகிறேன். தேறாததைத் தேறாது என்று சொல்வேன், வருத்தப்படக் கூடாது. காசு வேண்டாம். ஆலையிலிருந்து வந்த என் பழைய நண்பர் 24 வோல்ட் பெட்டியையும் கூண்டு விளக்கையும் காட்டக் கொண்டு வருகிறார்.

என் அக்கா மகனும் வருவான். பிளக்கைத் திறந்து மூன்று வயரும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஸ்க்ரூ டிரைவரை இடது கையால் பிடிக்கப் பழகிவிட்டான்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன், ஓய்வு பெற்ற சார்ஜ்மேன்